கல்லறைத் தோட்டம்: நகரின் நினைவும் நிழலும்

சில சொற்கள் தம்முள் ஒரு வரலாற்றைப் பொதிந்து வைத்திருக்கின்றன. இறந்தோரை அடக்கம் செய்யும் இடத்தைத் தமிழ்க் கிறித்தவர் 'கல்லறைத் தோட்டம்' என்கின்றனர். தமிழ் இசுலாமியர் 'மையவாடி' என்பர்; வாடி என்பதற்கு வேலி சூழ்ந்த இடம், தோட்டம் என்ற பொருள்கள் உண்டு. திருவரங்கத்து வைணவரோ ஆசாரியர்களின் திருமேனியைச் சேர்த்த இடத்தைத் 'திருவரசு' என வழங்குவர். அவ்விடத்தில் அரச மரம் நடும் வழக்கத்தோடு இணைத்து இச்சொல்லுக்கு விளக்கம் கூறுவர். சமயம் மூன்று, சொல்லும் மூன்று. ஆயினும் மூன்றிலும் ஒரு பசுமை இருக்கிறது. இறந்தோர் இடத்தைத் தோட்டமாக எண்ணும் மனம் மேல்நாட்டிலிருந்து நமக்கு வந்த இரவல் அன்று என்பதற்கு இச்சொற்களே சான்று.

இன்னும் ஒன்று. ஆசாரியர் ஒருவரை அடக்கம் செய்வதைத் 'திருப்பள்ளிப்படுத்துதல்' என்று குருபரம்பரை நூல்கள் கூறும். சோழ மன்னரின் நினைவாலயத்துக்குப் 'பள்ளிப்படை' என்று பெயர். மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு இராசராசன் எடுத்ததும், பழையாறைக்கு அருகில் பஞ்சவன்மாதேவிக்கு இராசேந்திரன் எடுத்ததும் பள்ளிப்படைகளே. பள்ளி என்றால் துயிலும் இடம். அரங்கத்தில் அரவணைமேல் பள்ளிகொண்டானை நாள்தோறும் காணும் நமக்கு அப்பொருளை விளக்க வேண்டுவதில்லை. வியப்பு என்னவெனில், ஆங்கிலத்தில் இடுகாட்டைக் குறிக்கும் 'செமெட்டரி' என்னும் சொல்லின் கிரேக்க மூலத்துக்கும் துயிலிடம் என்பதே பொருள். சாவை உறக்கமாகக் கண்ட மனிதன், உறங்குவோருக்கு நிழலும் வேண்டும் என்று எண்ணினான் போலும்.

அந்நிழல் இன்று யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதே நம் கேள்வி. நகரம் பெருகப் பெருக, பழைய அடக்கத்தலங்கள் மனைவிலையின் கண்ணுக்குப் படுகின்றன. அவற்றைப் பூட்டி வைப்பதா, அழித்து வேறொன்று கட்டுவதா, அல்லது உறங்குவோரின் உரிமை கெடாமல் உயிரோடிருப்போர் அமர்ந்து செல்லும் பொதுச்சோலையாகக் காப்பதா? திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் நடுவில் வைத்து இதனைச் சற்று ஆராயலாம்.

காப்பியம் காட்டும் வழி

காவிரி கடலோடு கலக்கும் புகாரில், பூஞ்சோலையும் ஈமப்புறங்காடும் அடுத்தடுத்து இருந்தன என்று மணிமேகலை காட்டுகிறது. உவவனத்தில் பூக்கொய்ய வந்த மணிமேகலையும் சுதமதியும் உதயகுமரனுக்கு அஞ்சி நிற்கும்போது, மணிமேகலா தெய்வம் அவர்களுக்கு ஒரு வழி சொல்கிறது. வனத்தைச் சூழ்ந்த மதிலின் மேற்கே ஒரு சிறு வாயில் உண்டு. அதன் வழியே சக்கரவாளக் கோட்டத்துக்குச் செல்லலாம் என்பதே அவ்வழி. ஊரார் எல்லாரும் சுடுகாட்டுக் கோட்டம் என்று கூறும் இடத்துக்கு இப்பெயர் எதனால் வந்தது எனச் சுதமதி வினவ, அவ்விடத்தின் முழு வரலாறும் விரிகிறது.

அக்காதையைப் படிப்போர் ஓர் ஊரின் சமூக வரலாற்றையே படிக்கிறார்கள். சுடுதல், வாளா இடுதல், குழிதோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை ஈமமுறைகளும் ஒரே மதிலுக்குள் நிகழ்ந்தன. முனிவர்க்கும் அரசர்க்கும் கணவனோடு மாய்ந்த மகளிர்க்கும் செங்கல்லால் எழுப்பிய குறியதும் நெடியதுமான கோட்டங்கள் அங்கு இருந்தன. வன்னி, இரத்தி முதலிய மரங்களின் பெயராலேயே மன்றங்கள் வழங்கின. அவ்விடத்தின் அச்சத்தையும் காப்பியம் மறைக்கவில்லை. இரவில் தனியே சென்ற சார்ங்கலன் என்னும் இளைஞன் அஞ்சி உயிர்விட்ட கதையையும் சொல்கிறது. ஆயினும் அந்த இடத்துக்கு மதிலும் வாயிலும் மரமும் பெயரும் இருந்தன; சோலையிலிருந்து அங்குச் செல்ல ஒரு வழியும் இருந்தது. நகரமைப்பில் இறந்தோருக்கும் ஓர் இடம் வகுத்த நாகரிகம் இது.

இரு கரைகளும் ஒரு நகரமும்

புகாரிலிருந்து காவிரியோடு எதிரேறி நம் ஊருக்கு வருவோம். திருவரங்கத்தின் வடபால் கொள்ளிடக் கரையில் தவராசன் படுகை இருக்கிறது. ஆளவந்தாரைத் தரிசிக்கக் காஞ்சியிலிருந்து விரைந்து வந்த இராமானுசர், அவர் திருமேனியையே காண நேர்ந்தது. மடங்கியிருந்த மூன்று விரல்களைக் கண்டு, நிறைவேறாத மூன்று விருப்பங்களைத் தாம் முடிப்பதாக உறுதி கூறினார் என்பது மரபு. அந்நிகழ்ச்சியை இக்கரையோடு சேர்த்தே வைணவ உலகம் நினைக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகளைத் திருப்பள்ளிப்படுத்தியதும் இப்படுகையில்தான். இராமானுசரோ கோயிலின் உள்ளேயே இடம்பெற்றார். 1137-இல் பரமபதித்த அவரைத் 'தானான திருமேனி' என்று இன்றும் வழிபடுகிறோம்.

பெயர் தெரிந்த ஆசாரியர்களுக்கு இடம் இருக்கிறது. பெயர் தெரியாதவர்க்கு? 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது மாண்டோரைப் பற்றிக் கோயிலொழுகு 'பன்றியாழ்வான் மேட்டில் பன்னீராயிரவர் முடிதிருத்திய கலகம்' என்று குறிக்கிறது. பிணக்குவியலிடையே மறைந்திருந்து சுருதப்பிரகாசிகைச் சுவடியையும் அதனை இயற்றியவரின் இளம் புதல்வரையும் வேதாந்த தேசிகர் காத்தார் என்பது மரபு. அந்தப் பன்னீராயிரவருக்கு ஒரு கல் இல்லை. ஒரு மேட்டின் பெயர்தான் அவர்களுக்கு நடுகல். இடமும் பெயரும் பிரிந்துவிட்டால் நினைவு எவ்வளவு மெலிந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காவிரியின் தென்கரைக்கு வந்தால், திருச்சி நகரின் நடுவில் நத்தர்வலி தர்கா. 18-ஆம் நூற்றாண்டில் திருச்சிக் கோட்டைக்காகத் தென்னகத்தையே போர்க்களமாக்கிய இருவர் சந்தா சாகிபும் நவாப் முகம்மது அலியும். ஒருவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரரும் மற்றவருக்குப் பின்னால் ஆங்கிலேயரும் நின்றனர். திருவரங்கத்துக் கோயில் மதிலுக்குள்ளேயே பிரெஞ்சுப் படை பாசறை இட்டிருந்த காலம் அது. 1752-இல் சந்தா சாகிபு தலை வெட்டப்பட்டு மாண்டார். வென்ற முகம்மது அலி 1795-இல் சென்னையில் காலமானார். அந்த இருவரின் அடக்கத்தலங்களும் இந்த ஒரு தர்கா வளாகத்திலேயே உள்ளன. கோட்டைமதில் இடிந்து, அகழி தூர்ந்து, தெருவாகிவிட்டது. பகைவர் இருவரும் ஒரே வேலிக்குள் உறங்குகின்றனர். கருநாடகப் போர்களைப் பற்றி நூறு பக்கம் படிப்பதைவிட, அந்த வளாகத்தில் கால் நாழிகை நிற்பது மிகுதியாகக் கற்பிக்கும்.

கண்டோன்மென்டுப் பகுதியில் தூய யோவான் ஆலயம். பக்கவாட்டில் வரிசையாக அமைந்த சாய்பலகைக் கதவுகளைத் திறந்துவிட்டால் ஆலயமே காற்றோட்டமான மண்டபம் ஆகிவிடும். சுற்றிலும் பழைய கல்லறைகள். கல்கத்தாப் பேராயரும் ஆங்கிலப் பாமாலை ஆசிரியருமான ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 1-இல் தஞ்சையிலிருந்து திருச்சிக்கு வந்தார். 2-ஆம் நாள் ஞாயிறன்று இவ்வாலயத்தில் அருளுரை ஆற்றினார். 3-ஆம் நாள் காலையில், சுவார்ட்சு ஐயர் கட்டிய கோட்டை ஆலயத்துக்குச் சென்று தமிழ்ச் சபையாரைக் கண்டு திரும்பியவர், குளிக்க இறங்கிய குளியல் தொட்டியிலேயே உயிர் துறந்தார். அவருக்கு வயது 42. ஆலயத்தின் பலிபீடத்துக்கு வடபுறத்தில் அவரை அடக்கம் செய்தனர். மூன்று நாள் மட்டுமே இவ்வூரில் தங்கியவரின் பெயர் இன்று இவ்வூர்க் கல்லூரிக்குப் பெயராக நிற்கிறது.

ஹீபருக்குப் புகழ் இருந்தது, பெயர் நின்றது. ஆனால் இத்தகைய வளாகங்களில் உறங்குவோரிற் பெரும்பாலோர் புகழ் பெற்றோர் அல்லர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்ட இளம் சிப்பாய்கள், மகப்பேற்றில் இறந்த தாயர், ஓராண்டு நிறையாத குழந்தைகள். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்பார் சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905-இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அதனைப் புரட்டினால் ஆட்சியின் பெருமிதத்தைவிட ஆட்சியாளர் வீட்டின் துயரமே மிகுதியாகக் கண்ணில் படும். ஆதிக்கம் செலுத்தியவர் கல்லறையை நாம் ஏன் காக்க வேண்டும் எனக் கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. வரலாற்றின் வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், எதிர்த்தரப்பின் ஆவணத்தையும் அழியாமல் வைத்திருக்க வேண்டும் என்பதே அதற்கு விடை.

கல்லும் இடமும் பிரிந்த கதை

சென்னையில் நடந்தது நமக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. கொய்யாத் தோட்டம் என்றே அதற்குப் பெயர். அங்கும் தோட்டம்தான்! 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப்படை சென்னையை முற்றுகையிட்டபோது, அவ்வுயர்ந்த கல்லறைகள் பகைவருக்கு மறைவிடம் ஆயின. முற்றுகை நீங்கியதும் கல்லறைகளை ஆங்கிலேயரே இடித்தனர். எழுத்துப் பொறித்த பலகைகளைக் கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டுவந்து தரையில் பாவினர். ஐதர் அலி அச்சுறுத்திய காலத்தில் அவற்றைப் பெயர்த்துப் பீரங்கி ஏற்றவும் பயன்படுத்தினர். இன்று கற்கள் ஓரிடம், உடல்கள் வேறிடம். 1652-ஆம் ஆண்டுக் கல்லும் அங்கு உண்டு. அதற்கு அடியில் எவரும் இல்லை.

பழைய இடத்தில் எஞ்சிய ஒன்று, ஆளுநர் ஈலைகு யேலின் இளம் மகன் தாவீதும் யேலின் மனைவியுடைய முதற்கணவர் ஜோசப் ஹின்மரும் அடங்கிய கூர்ங்கோபுரக் கல்லறை. தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இதனை வாகன நிறுத்துமிடத்துக்காக அகற்ற வேண்டுமா என்ற வழக்கு 2023-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் பேசப்பட்டது. சோலை இல்லாமல், நடப்போர் இல்லாமல், கட்டடங்களுக்கு நடுவில் ஒற்றையாக நிற்கும் கல், காலப்போக்கில் வெறும் இடைஞ்சலாகவே தெரியும். சட்டத்தின் காப்பு மட்டும் போதாது. மக்களின் பழக்கமும் வேண்டும்.

உலகம் கண்ட பட்டறிவு

பாரிசு நகரில் 1804-இல் திறந்த பெர் லாசேசும், அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே 1831-இல் அமைந்த மவுண்ட் ஆபர்னும் மரமும் மேடும் வளைபாதையும் கொண்ட கல்லறைச் சோலைகள். பொதுப் பூங்காக்கள் அரிதாக இருந்த காலத்தில் குடும்பத்தோடு மக்கள் அங்கு உலாவச் சென்றனர். பின்னர் எழுந்த நகரப் பூங்காக்களுக்கு அவை முன்மாதிரி ஆயின. இலண்டனில் பன்யனும் டீபோவும் பிளேக்கும் உறங்கும் பன்ஹில் இடுகாடு 1854-இல் மூடப்பெற்று, 1869-இல் பொதுத் தோட்டமாகத் திறக்கப்பட்டது. பயன்பாடு ஒழிந்த இடுகாடுகளில் கட்டடம் எழுப்பக் கூடாது என 1884-இல் அங்கு ஒரு சட்டமே இயற்றினர்.

நம் நாட்டில் கல்கத்தாவின் தெற்குப் பூங்காத்தெருக் கல்லறை 1767-இல் தொடங்கியது. சர் வில்லியம் ஜோன்சும் கவிஞர் டெரோசியோவும் அங்கே அடங்கியுள்ளனர். காடு மண்டிக் கிடந்த அதனை 1970-களின் பிற்பகுதி முதல் ஆர்வலர்கள் சிறுகச் சிறுகச் சீர்செய்தனர். இன்று நகர் நடுவில் அடர்ந்த நிழலாக அது நிற்கிறது. தமிழர் வாழும் சிங்கப்பூர் இரு பாடங்களையும் தருகிறது. கேனிங் கோட்டைக் குன்றில் 1865-இல் மூடிய கல்லறை இன்று பூங்கா. பெயர்த்த கற்கள் சுற்றுச்சுவரில் பதிந்துள்ளன. 1972-இல் மூடிய பிடாதரியிலோ 2001 முதல் 2006 வரை உடல்களைத் தோண்டி அகற்றினர், குடியிருப்பு எழுந்தது, சில கற்கள் மட்டும் ஒரு நினைவுத் தோட்டத்தில் மிஞ்சின.

இலக்கிய அன்பர்க்கு இவை எல்லாவற்றினும் நெருக்கமானது ஆக்சுபோர்டு நகரின் தூய செபுல்கர் கல்லறை. திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் 1908-இல் அங்கு அடக்கமானார். தம் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்குமாறு அவர் கூறியதாகவும், அவ்வாறே பொறித்திருப்பதாகவும் நம் மேடைகளில் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் அங்குள்ள கல்லில் அத்தொடர் இல்லை. அவரைத் தென்னிந்தியாவுக்கு உரியவர் என்றும், தமிழும் தெலுங்கும் கற்பித்த விரிவுரையாளர் என்றும் அக்கல் சொல்கிறது. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அதனை நாட்டியதாகவும் கூறுகிறது. மேடைக் கதையைவிட இவ்வுண்மை எனக்கு உயர்ந்ததாகவே தோன்றுகிறது. அவர் தம்மை என்ன அழைத்துக்கொண்டார் என்பதைக் காட்டிலும், தமிழர் கடல்கடந்து ஒரு கல் நாட்டினர் என்பது பெரிதன்றோ? அந்தக் கல் நிலைத்ததால்தான் நம் பிழை திருந்துகிறது. மூடப்பட்ட அவ்விடத்தைத் தன்னார்வலர் பேணி, அடங்கியோர் வரலாறுகளைத் தொகுத்து வருகின்றனர்.

சுவர் உள்ள தோட்டம்

பொதுச்சோலை என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 'பொது' என்பதுதான் கடினம். நம் நாட்டில் சாவுக்குப் பின்னும் சாதி விடுவதில்லை. ஊர்ச் சுடுகாடு வேறு, சேரிச் சுடுகாடு வேறு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரையும் ஏனையோரையும் பிரித்து நிற்கும் சுவர், பல ஆண்டுகளாகக் கண்டனத்துக்கும் போராட்டத்துக்கும் உரியதாக இருந்துவருகிறது. நம் ஊரின் கல்லறைகளைப் பற்றி எழுதுவோர் இதனைச் சொல்லாமல் நிழலையும் மலரையும் மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைந்த போர்வீரர் கல்லறையை இதனோடு ஒப்பிடலாம். தென்னிந்தியாவில் பல ஊர்களில் சிதறிக் கிடந்த, நிலையான பராமரிப்புக்கு உறுதியில்லாத இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை அங்கு ஒன்றுசேர்த்தனர். 850-க்கு மேற்பட்டோர் அங்கு உறங்குகின்றனர். பதவியாலோ இனத்தாலோ சமயத்தாலோ கல்லில் ஏற்றத்தாழ்வு கூடாது என்பது அதனைப் பேணும் ஆணையத்தின் கொள்கை. ஒரே உயரக் கல், ஒரே புல்தரை. கல்லறையைச் சோலையாக்கும் முயற்சிக்கு முதல் இலக்கணம் இதுவாகவே இருக்க வேண்டும். நடைபாதை அமைக்கும்போது அது எந்தச் சுவரில் முட்டி நிற்கிறது என்பதைப் பார்த்தால், சீர்திருத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

செய்யத்தக்கவை

பழைய கல்லறைகளைக் காக்கும் பணி பெருஞ்செலவுடையது அன்று, பொறுமை உடையது. சுண்ணாம்புக் காரையால் கட்டியதைச் சிமெண்டால் பூசினால் ஈரம் உள்ளே தங்கிக் கட்டுமானம் வெடிக்கும். பழுதைச் சுண்ணாம்பாலேயே சீர்செய்ய வேண்டும். பறவை இடும் அரச, ஆல விதைகள் இடுக்கில் முளைத்தவுடன் களைய வேண்டும். வேர் பருத்தபின் வெட்டினால் கல்லறையும் சேர்ந்து சரியும். நிழலுக்கு வேம்பும் புங்கமும் மகிழும் கல்லுக்கு எட்டவே நிற்கட்டும். அருகில் ஈழத்தலரியே போதும். கற்களை அழகுக்காக வரிசை மாற்றக் கூடாது. மேலே வண்ணம் பூசக் கூடாது.

உரிமையாளர் இசைவு இன்றி எதுவும் கூடாது. திருச்சபையோ வக்பு நிருவாகமோ மடமோ மாநகராட்சியோ, அவரவர் வழிபாட்டு முறைக்கு இடையூறு நேராத நேர வரையறையோடு திறக்கலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியும் மலரும் ஏந்தி வரும் குடும்பங்களுக்கு முதல் உரிமை. இன்றும் அடக்கம் நடைபெறும் பகுதி துக்கத்துக்கு உரியது. அது பூங்கா ஆகாது. அடக்கம் ஓய்ந்த பழைய பகுதிகளையே சோலையாக்க வேண்டும். அங்கும் விளையாட்டுத் திடலும் தின்பண்டக் கடையும் வேண்டா. மரம், இருக்கை, குடிநீர், கல்லில் உள்ளதைத் தமிழில் சொல்லும் ஒரு பலகை ஆகியவை போதும்.

நூறாண்டு கடந்த சின்னங்களைக் காக்க 1958-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் தமிழகச் சட்டமும் உள்ளன. ஆனால் பட்டியலில் சேர்ந்தவற்றுக்கே அக்காப்பு. பட்டியலில் சேர வேண்டுமானால் முதலில் யாரேனும் படித்து எழுதியிருக்க வேண்டும். இலக்கிய வட்டத்தாராகிய நம் பணி இங்கேதான் தொடங்குகிறது. கல்வெட்டைப் படிக்கத் தொல்லியல் பட்டம் வேண்டியதில்லை. காலை இளவெயில் சாய்ந்து விழும் நேரத்தில் மங்கிய எழுத்தும் நிழல் கொண்டு எழும். சுண்ணக்கட்டி தேய்க்காமல், அமிலம் ஊற்றாமல், கம்பித்தூரிகை படாமல், மென்துணியும் நீரும் மட்டும் கொண்டு துடைத்து, உள்ளதை உள்ளவாறே ஒரு குறிப்பேட்டில் படியெடுக்கலாம். ஒருவர் வாசிக்க ஒருவர் எழுத, மற்றொருவர் சரிபார்க்க, ஒரு காலைப்பொழுதில் இருபது கற்களையாவது முடித்துவிடலாம். ஆலயம், தர்கா, திருவரசு என மூவகை இடங்களிலும் உரியவர் இசைவோடு இதனைச் செய்தால், இன்னும் சில ஆண்டுகளில் திருச்சி, திருவரங்கத்து அடக்கத்தலங்களுக்குத் தமிழில் ஒரு தொகுப்பு உருவாகிவிடும். 1905-இல் தனியொருவர் ஆங்கிலத்தில் ஒரு மாகாணத்துக்கே செய்ததை, பத்தாண்டு கூடிப் பழகிய நாம் ஓர் ஊருக்குச் செய்ய இயலாதா?

ஓயாமாரிக்கு ஒருநாள் நாம் எல்லாரும் செல்ல வேண்டியவர்களே. அதற்கு முன் நமக்கு முந்தியோரின் பெயர்களை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டுச் செல்வோம். பெயர் படிக்கப்படும் இடத்துக்கு மக்கள் வருவர். மக்கள் வரும் இடத்தில் மரம் நிற்கும். மரம் நிற்கும் வரை கல்லும் நிற்கும்.